கதவோரத்து நாற்காலி

வீரர்களில் கதவோரத்து வீரர் என்று ஓர் இனம் உண்டு. எந்தக் கொள்ளைக்கூட்டத்தின் மலைக்கோட்டைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். மண்டபத்தில் தலைவரின் புலித்தோல் நாற்காலியில் தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டே வாருங்கள். வெளிக்காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில், கால்மேல் கால் போட்டு, கோட்டையே தன்னால்தான் நிற்கிறது என்கிற முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரேதான்.

எங்கள் நாணல் ஏரிக் கோட்டையில் அவர் பெயர் பெய் தாலுன். பட்டப்பெயர் ‘இரும்பு முழங்கை’. யார் கொடுத்தது? வேறு யார், அவரேதான். பதினெட்டு வருஷம் அந்த மண்டபத்தில் சாராயம் ஊற்றியவன் நான்; அந்த முழங்கை மேசையில் ஊன்றியதைத் தவிர வேறு வேலை செய்து பார்த்ததில்லை. சண்டைக்குப் போகும்போது நடுவில் நடப்பார், திரும்பும்போது முன்னால் வருவார், வந்து உட்கார்ந்ததும், “அன்னிக்கு நான் மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டுக்கறியில் மூழ்கிவிடுவார்கள்.

அவருக்கும் ஒரு கவலை இருந்தது. எங்களை அழிக்க வரும் அரசாங்கத் தளபதி பிடிபட்டால், எங்கள் தலைவர் பெரியண்ணன் தானே ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்து, காலில் விழுந்து, “நீங்க எங்களுக்கு மேல உக்காரணும்” என்று அழுவார். தளபதி மூன்று முறை மறுப்பான். நாலாம் முறை உட்கார்ந்துவிடுவான். உடனே அவனுக்குக் கீழே உள்ள எல்லோரும் ஒரு நாற்காலி நகரவேண்டும். இப்படியே முப்பதாம் நாற்காலியிலிருந்து தாலுன் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் வாசற்படிதான். இன்னும் ஒரு தளபதி பிடிபட்டால் அவரும் என்னோடு சேர்ந்து சாராயம் ஊற்றவேண்டியதுதான். கூடவே இருந்தவன் கீழே போகிறான், கழுத்தை வெட்ட வந்தவன் மேலே போகிறான். எனக்கே வயிறு எரிந்தது.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டேய் குவோ, இங்க யாருக்குடா மரியாதை?”

“பிடிபட்டவனுக்குத்தாண்ணே.”

“அப்ப நானும் பிடிபட்டா?”

“யார்கிட்டண்ணே?”

“நம்மகிட்டதான்டா, மடையா!”

அக்கரையில் புதிய படை வந்து இறங்கியிருந்த சமயம். மனிதர் நாணலுக்குள் படகை விட்டார், எவனோ காயப்போட்டிருந்த சிப்பாய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார், எதிரிப் படையில் போய் நின்றார். மறுநாள் சண்டையில், முதல் முரசு அடித்ததுமே இரண்டு கையையும் சேர்த்து நீட்டியபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் பிடிபட்ட மற்றவர்களோடு சேர்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். அவர் வாழ்க்கையிலேயே கச்சிதமாக நடந்த திட்டம் அது ஒன்றுதான்.

மண்டபத்தில் பெரியண்ணன் எழுந்து ஓடிவந்தார். தாலுன் மணிக்கட்டை நீட்டினார். பெரியண்ணன் அவரைத் தாண்டிப்போய், பக்கத்தில் கட்டுண்டு நின்ற எதிரித் தளபதியின் காலில் விழுந்தார். அழுகை, மூன்று மறுப்பு, நாற்காலி, எல்லாம் முறைப்படி முடிந்தது.

“மத்த சிப்பாய்ங்களுக்கு ஆளுக்கு ரெண்டு ரொட்டி குடுத்து, படகுல ஏத்தி ஊருக்கு அனுப்புங்கப்பா” என்றார் பெரியண்ணன்.

“அண்ணே! நான்தாண்ணே! இரும்பு முழங்கை!” என்று தாலுன் கத்தினார்.

பெரியண்ணன் சேறு அப்பியிருந்த அந்த முகத்தை அன்போடு பார்த்தார். “நல்ல பேரா இருக்கே. ஊருக்குப் போய் அம்மாவைக் கவனிச்சுக்கோ தம்பி.”

பதினோரு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்பதாம் நாற்காலிக்காரருக்கு ஆளைத் தெரியாமலா இருக்கும்? அவர் சட்டென்று குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நிமிர்ந்தபோது நாற்பத்தொன்றில் இருந்தார். நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் புதுத் தளபதியின் கோப்பை காலியாக இருந்தது. நான் ஊற்றப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

படகு போயிற்று. அவர் போனதை யாரும் கேட்கவில்லை; வரிசையில் ஓர் ஓட்டைகூட விழவில்லையே!

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று வந்த ஒருவன் உங்களுக்கு மேலே உட்கார்ந்தபோது, “இவனுக்கு என்ன தெரியும்? நான் இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தீர்களே, அவர் சட்டென்று குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தாரே, கவனித்தீர்களா?