மீன் தொட்டிக்கு ஏற்ற பிரிவு

“முள்ளெல்லாம் எடுத்துக் குடுப்பீங்களா?”

தொட்டிக்காரர் சட்டென்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்துத் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த தங்க மீன்களைப் பார்த்தார். அவற்றின் காதில் விழவில்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, இது வளக்கற மீனும்மா. தொட்டியில விட்டுப் பாக்கறது.”

“பாத்துட்டு?”

“பாத்துக்கிட்டே இருக்கறது.”

“அப்புறம் எப்பத்தான் சாப்பிடுவீங்க?” என்று அலுத்துக்கொண்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து இதே கதைதான். தப்பு அவருடையது. தன் கடைக்காக அவர் ஆசை ஆசையாகத் தொடங்கிய இணையதளம் பெரிய தேடுதளத்தில் அகப்படவே இல்லை. கடையின் பெயரைத் தட்டினால் அந்தக் கடையைத் தவிர உலகத்திலுள்ள மற்றதெல்லாம் வந்தது. பெரிய இடத்தில் நம்மை யார் மதிப்பார்கள் என்று, சின்னச் சின்னத் தேடுதளங்களிலும், தளங்களைப் பிரிவு பிரிவாகப் பட்டியல் போடும் இணைய டைரக்டரிகளிலும் பதியத் தொடங்கினார். முதல் டைரக்டரியில் மீன் தொட்டிக்குப் பிரிவு இல்லை. ‘மீன்’ இருந்தது. தட்டிவிட்டார். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘உணவு’ என்று இருந்ததை இப்போதுதான் பார்க்கிறார்.

“ஏங்க, இன்டர்நெட்ல பாத்துட்டு யாராச்சும் வந்தாங்களா?” பின்கட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

“நிறையப் பேர் விசாரிக்கறாங்க.”

“விசாரிக்கறது கெடக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு ஆள், இன்டர்நெட்ல பாத்தேன்னு சொல்லித் தொட்டி வாங்கட்டும். நான் வாயே தொறக்கல. இல்லேன்னா எங்க அண்ணன் லாரி ஆபீஸ்ல போய் உக்காருங்க.”

மச்சானின் லாரி ஆபீஸில் மீன் கிடையாது. ஜன்னலும் கிடையாது. தொட்டிக்காரர் அவசரமாக அடுத்த டைரக்டரியைத் திறந்து, ‘செல்லப் பிராணிகள் – பராமரிப்பு’ என்பதில் பதிந்தார்.

மறுநாள் கன்றுக்குட்டி அளவு நாயோடு ஒரு பெண்மணி வந்தாள்.

“குளிப்பாட்டணும்” என்றாள். பிறகு கடையிலேயே பெரிய தொட்டியைக் காட்டி, “இதுலதானே?”

“ஐயோ, அதுல ஆளுங்க இருக்காங்கம்மா!”

நாய் எட்டிப் பார்த்து ஆளுங்களை நலம் விசாரித்தது. கால்வாசித் தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பியது.

மூன்றாவது டைரக்டரியில் உயிருள்ள எதோடும் தொடர்பு வேண்டாம் என்று ‘கண்ணாடி வேலைகள்’ பிரிவுக்குப் போனார். அன்று சாயங்காலமே ஒரு கட்டட மேனேஜர் கூப்பிட்டார். “பதினோரு மாடி சார். வெளிப்பக்கமா தொங்கிக்கிட்டே தொடைக்கணும். கயிறு உங்களுதா, எங்களுதா?” முக்காலியில் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்ளும் தொட்டிக்காரர், போனில் கேட்டதற்கே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த டைரக்டரி கண்ணில் பட்டது. இயந்திரம் இல்லை, மனிதர்கள், அதுவும் சம்பளம் வாங்காத எடிட்டர்கள், ஒவ்வொரு தளத்தையும் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்களாம். ‘வீட்டு மீன் தொட்டிகள்’ என்று தனிப் பிரிவே இருந்தது. தொட்டிக்காரருக்குக் கண் கலங்கியது. ‘உலகிலேயே தலைசிறந்த தொட்டிகள்!’ என்று எழுதி அனுப்பினார்.

பதில் வந்தது: “உலகம் முழுவதையும் பார்த்துவிட்டீர்களா? நிராகரிக்கப்பட்டது. – எடிட்டர்.”

‘இந்த ஊரிலேயே’ என்று மாற்றினார். “பக்கத்துத் தெருக் கடையையாவது பார்த்ததுண்டா? நிராகரிக்கப்பட்டது.”

வெறும் ‘நல்ல தொட்டிகள்’ என்று அனுப்பினார். அதற்கு வந்த பதில்தான் அவரை உலுக்கியது. “தளத்தில் காலை ஒன்பது மணிக்குத் திறப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். திறப்பது பத்தேகாலுக்கு. நிராகரிக்கப்பட்டது.”

“யாரோ வேவு பாக்கறாங்க மாமா!” மாடியிலிருந்து பேப்பர் எடுக்க இறங்கிய மாமனாரிடம் முறையிட்டார். ஓய்வு பெற்றதிலிருந்து மேலே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவதுதான் மாமனாரின் பொழுது.

“காலம் கெட்டுக் கெடக்கு மாப்பிள்ளை” என்றார் மாமனார். “எதுக்கும் ஒம்பது மணிக்கே தொறந்துடுங்களேன்.”

திறந்தார். கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் எடிட்டராகத் தெரிந்தார்கள். ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, குளிர்பானம் கொடுத்து, மோட்டாரைக் கழற்றிக் காட்டி, பாசியை எப்படித் தேய்ப்பது என்பதுவரை விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், “ரொம்ப சந்தோஷம் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?” என்றார்.

மாதக் கடைசி நெருங்கியது. மறுபடி அனுப்பினார். “தளத்திலுள்ள படம் உங்கள் கடைத் தொட்டி அல்ல. உங்கள் தொட்டியில் பாசி இருக்கும். நிராகரிக்கப்பட்டது.”

தொட்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அத்தனை தொட்டிகளையும் கழுவித் துடைத்துப் புதுப் படம் எடுத்துப் போட்டார். கூடவே, விளக்கம் எழுத வேண்டிய கட்டத்தில் மனதிலிருந்ததைக் கொட்டினார்: ‘ஐயா, குற்றம் கண்டுபிடிப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? உங்கள் வீட்டுக்கு மருமகனாக வாய்த்தவனை நினைத்தால் என் நெஞ்சு பதறுகிறது. அவன் நன்றாக இருக்கட்டும்.’

அனுப்பிய பிறகுதான் லாரி ஆபீஸ் ஞாபகம் வந்தது.

மறுநாள் முழுக்கப் பதிலே இல்லை. அதற்கடுத்த நாள் காலை, ஒன்பது அடித்ததும் ஒரு பல் டாக்டர் வந்து நின்றார்.

“இன்டர்நெட்ல பாத்துட்டு வரேன். கிளினிக்ல காத்திருக்கற பசங்க பயந்து அழறாங்க. பெரிய தொட்டியா ஒண்ணு வேணும்.”

தொட்டிக்காரர் பின்கட்டுப் பக்கம் திரும்பி, “எதுல பாத்தீங்க சார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!” என்றார்.

டாக்டர் போனை எடுத்து உரக்கப் படித்தார். “‘நல்ல தொட்டிகள். சொன்ன நேரத்துக்குத் திறப்பார். மீன்கள் மீது உண்மையான பாசம் உள்ளவர். எடிட்டர் பரிந்துரை.’ இப்படி அளவா யார் சார் எழுதறாங்க? அதான் நேரா வந்துட்டேன்.”

மனைவி வாயே திறக்கவில்லை. காபி கொண்டுவந்தாள்; டாக்டருக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. டாக்டர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

“லாரி ஆபீஸ் வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்” என்றாள் பிறகு, தங்க மீன்களைப் பார்த்தபடி.

தொட்டிக்காரர் முன்பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அந்த எடிட்டர் யாருன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடுவேன்.”

மாடிப்படியில் இறங்கி வந்த மாமனார் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

“கால்லயெல்லாம் விழ வேணாம் மாப்பிள்ளை, நான் என் மருமகனை அப்படியொண்ணும் கொடுமைப்படுத்தல, அந்த வரியை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க.”