முதுகுவலியில் முளைத்த தக்காளி

இந்த வருஷம் அந்தக் கோப்பை என் வீட்டு ஜன்னலில்தான் உட்காரும் என்று, பிப்ரவரிக் குளிரில் பற்கள் தந்தியடிக்கத் தந்தியடிக்கச் சபதம் போட்டேன்.

எந்தக் கோப்பை என்கிறீர்களா? எங்கள் தார்ன்பி கிராமத்துத் தோட்டக் கண்காட்சியில் தக்காளிக்குக் கொடுப்பார்களே, அதுதான். ஜூலை மாதம் எவன் தக்காளி நன்றாகச் சிவந்திருக்கிறதோ அவனுக்கு. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் யார்க்‌ஷயர் வெயிலை நம்பினால் தக்காளி சிவப்பதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். பக்கத்து வீட்டு டெஸ்மண்டிடம் செடி வளர்க்கக் கண்ணாடிக் குடில் இருக்கிறது. என்னிடம் வேலி மட்டும் இருக்கிறது, அதிலும் பாதி அவனுடையது. அதனால் வருஷா வருஷம் கோப்பை அவன் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, நான் டீ போடும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பளபளக்கும்.

பொறுத்தது போதும் என்று ஒரு சூட்டுப்பெட்டி வாங்கினேன். அடியில் மின்சாரச் சூடு, நடுவில் மண், மேலே கண்ணாடி போல ஒரு மூடி. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே இருக்கும் விதை, கோடை வந்துவிட்டதென்று ஏமாந்து முளைத்துவிடும். ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று பூரித்துப்போனேன்.

ஒரே சிக்கல், என் மனைவி மொரீன். போன வருஷம் வீட்டில் இருந்த ஜன்னல், நாற்காலி எல்லாவற்றிலும் நாற்றுத் தட்டு வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அவள் தங்கை, பார்க்காமல் பூசணி நாற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைப் பாவாடை வேறு. அன்றோடு சட்டம் வந்தது. வீட்டுக்குள் இனி ஒரு சிட்டிகை மண் வரக்கூடாது. வந்தால், மண்ணோடு மண்ணாக நானும் வெளியே.

ஆகவே பெட்டியை மாடியில் விருந்தாளி அறைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, விதையும் போட்டுவிட்டேன். மறுநாளே மொரீன் வந்து நின்றாள்.

"ட்ரெவர், கட்டிலுக்கு அடியில ஒரு ஒயர் போகுதே, என்னது அது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அதா? அது... முதுகுக்கு."

"முதுகுக்கா?"

"ஒத்தடம் குடுக்கற மெஷின். சொன்னா நீ கவலைப்படுவேன்னுதான் சொல்லல."

"ஒத்தடத்துக்கு எதுக்கு மூடி?"

"சூடு வெளியில போயிடக்கூடாதுல்ல?"

"ரொம்ப வலியா கண்ணு?"

"உயிர் போகுது."

"ஐயோ பாவம்!" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட்டும் கொடுத்தாள். ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு அதிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பிஸ்கட் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலே டெஸ்மண்டின் தலை முளைத்தது.

"என்னப்பா, முதுகு எப்படி இருக்கு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"கறிக்கடையில பேசிக்கிட்டாங்க. படுத்த படுக்கையாமே?"

மொரீன் ஊருக்கே சொல்லிவிட்டாள். ஊர் மதுக்கடையில் அம்பு எறியும் டார்ட்ஸ் விளையாடப் போனால், "முதுகை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு?" என்று அம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். தோட்டத்துப் பக்கம் போக மொரீன் தடை போட்டாள். தேவாலய ஹாலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காலை ஆட்டும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தும் விட்டாள். அங்கே இருந்த ஒரே ஆண் நான். மற்றதெல்லாம் வயதான சீமாட்டிகள். ஒருத்தி கேக் கொடுத்தாள், ஒருத்தி தைலம் கொடுத்தாள், ஒருத்தி என் முதுகுக்காக ஜெபமே பண்ணினாள். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு முனகினேன். வேறு என்ன செய்ய?

ஆனாலும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தபோது, மூடிக்கு உள்ளே பச்சைப் பசேலென்று முளை தலைகாட்டியிருந்தது. இனி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் நூல் மாதிரி நீண்டு செத்துப்போகும். சரியாக அன்றைக்குத்தான் மொரீன் குண்டைப் போட்டாள்.

"ட்ரெவர், நீ இனிமே மாடி ஏறக் கூடாது."

"என்னது!"

"படி ஏறினா முதுகெலும்பு தேயுமாம். கீழ சோபாவுலயே படுத்துக்க."

"அப்போ என் ஒத்தட மெஷின்?"

"வெந்நீர்ப் பை தர்றேன். அது போதும்."

"எனக்கு அந்த மெஷின்தான் கேக்கும் மொரீன்!"

"எங்க கேக்குது? அதை வச்சதிலேருந்து நீ முனகறது ஜாஸ்தியாத்தான் ஆயிருக்கு."

உண்மையைச் சொன்னால் மண்ணோடு வெளியே போகணும். சொல்லாவிட்டால் கோப்பை போச்சு. சோபாவில் புரண்டு புரண்டு யோசித்தேன். கடைசியில் ஒரு நாள் அவள் கடைக்குக் கிளம்பியதும், இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன்.

பெட்டி காலி. கழுவித் துடைத்து, ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தாள். மண் இல்லை, முளை இல்லை. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? முதுகு ஒத்தடத்தில் முளைத்த தக்காளியைக் காணோம் என்றா?

சாப்பிடும்போது மெல்ல நூல் விட்டேன்.

"மேல அந்த மெஷின்... நல்லா இருக்கா?"

"கழுவி வச்சுட்டேன். உள்ள என்னமோ பூஞ்சை புடிச்சு பச்சையா கிடந்துச்சு."

"பச்சையாவா?"

"ஆமா. ஏன், அது உனக்கு வேணுமா?"

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சே! பூஞ்சை எனக்கு எதுக்கு? எனக்கு வேணாம்" என்றேன். அவள் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு மசியலை என் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு உலகமே வெறுத்துவிட்டது. மொரீன் மட்டும் சாயங்காலமானால் உற்சாகமாக டெஸ்மண்ட் வீட்டுக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுவாள். நான் சோபாவிலேயே கிடந்தேன். அந்தச் சோபாவில் படுத்துப் படுத்து, முதுகு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

ஜூலை வந்தது. கண்காட்சிப் பந்தலுக்கு என்னையும் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். தக்காளி மேசைக்கு முன்னால் டெஸ்மண்ட் பேயறைந்தவன் போல நின்றான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டாம் பரிசுச் சீட்டு. முதல் பரிசுத் தட்டில், குங்குமத்தில் முக்கியெடுத்தது போல உருண்டை உருண்டையாகத் தக்காளி. சீட்டில் மொரீன் பெயர்.

"டெஸ்மண்ட்! இது எங்க வளந்துச்சு?"

"என் குடில்லதான்" என்றான், அழாத குறையாக. "'ட்ரெவருக்கு முடியல, நாலு செடி வச்சுக்கட்டுமா'ன்னு கேட்டா. உன்மேல பாவப்பட்டு நல்லா வெளிச்சம் வர்ற இடமா பார்த்து நான்தாம்பா ஒதுக்கிக் குடுத்தேன். போட்டிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

என் பொறுமை தெறித்தது.

"இது என் தக்காளி!" என்று கத்தினேன்.

பந்தலே திரும்பியது. மொரீன் சாவதானமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலி வகுப்புச் சீமாட்டிகள் எல்லோரும், கேக் கொடுத்தவள், தைலம் கொடுத்தவள், ஜெபம் பண்ணினவள்.

"உன்னோடதா கண்ணு? எங்க விதைச்ச? சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்."

வாயைத் திறந்தேன். ஜெபம் பண்ணினவள் என்னையே பார்த்தாள்.

"முதுகு குணமாயிடுச்சா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா... இன்னும் வலிக்குது" என்றேன். முதல் முறையாக அது உண்மை.

மொரீன் என் காதருகே குனிந்தாள்.

"பூஞ்சை வேணாம்னு நீதானே சொன்ன?"

கோப்பையை அவள் கையில் கொடுத்தார்கள். போகட்டும், என் வீட்டு ஜன்னலுக்குத்தானே வருகிறது? தெரு முழுக்க அதை நானே தூக்கிக்கொண்டு போனால் பாதிச் சபதமாவது நிறைவேறும் என்று கையை நீட்டினேன்.

"ஐயையோ, நீ கனம் தூக்கக் கூடாது!" என்று மொரீன் பதறினாள். "டெஸ்மண்ட், நீ கொண்டுவந்து எங்க ஜன்னல்ல வச்சிடுப்பா."

அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.