நாலாம் கட்டைப் பசி

பெண்ணொருத்தி சயிக்கிளில் ஏறித் தெருவில் போவதைக் கோப்பாய்க் கிராமம் மூன்று மாதங்களில் மன்னித்துவிட்டது. அவள் போகும்போது வாயில் எதையோ போட்டு மென்றதை அரசாங்க அலுவலகமான சஞ்சார சுகாதாரக் கந்தோர் மன்னிக்கவில்லை. கிராமத்துக்கு மறதி உண்டு. கந்தோருக்குக் கடதாசிக் கோவைகள் உண்டு.

இராசமலர் அரசாங்க மருத்துவிச்சி. வயது இருபத்தெட்டு. கோப்பாயிலிருந்து அளவெட்டி வரை ஏறக்குறைய எட்டு மைல் நீளத்துக்கு, எந்த வீட்டில் எவளுக்கு வலி எடுத்தாலும் போய்ச் சேரவேண்டியவள். முன்பு மாட்டு வண்டியில் போவாள். வண்டி வாசலில் நிற்கும்போது சில வீடுகளில் பிள்ளை பிறந்து குளித்திருக்கும். சில வீடுகளில் பிள்ளை இராது. இரண்டொரு வீடுகளில் தாயும் இராள். முப்பத்தெட்டாம் ஆண்டு தைமாதம் கந்தோர் ஒரு சயிக்கிளைக் கொடுத்தது. அன்றிலிருந்து அவள் பிந்திப் போனதில்லை. எனவே அவளுடைய உடைமைகளில், அவளுடையதல்லாத அந்தச் சயிக்கிளையே அவள் மிகவும் நேசித்தாள்.

பசியைப் பற்றியும் அவளுக்குத் தெளிவான கொள்கை ஒன்று இருந்தது. மிதிக்கிறவர் பசி வந்தபின் சாப்பிட்டால் பிந்திப்போகும். முதலில் முழங்கால் சோரும்; பிறகு கண் இருட்டும்; கடைசியில் கை நடுங்கும். நடுங்குகிற கையால் வழுக்குகிற பிள்ளையை ஏந்த முடியாது. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறினாலோ எதிர்காற்றில் மூச்சு வாங்கும். ஆகவே ஹாண்டிலில் ஓர் ஓலைப்பெட்டியைத் தொங்கவிட்டு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்காகிய புழுக்கொடியல், ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு பிடி வறுத்த கச்சான் கடலை, இரண்டு கதலிப்பழம் ஆகியவற்றை அதில் வைத்துக்கொண்டு, பசி எட்டிப் பார்க்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போவாள். இதை அவளுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. அதுதான் பின்னால் குற்றமாயிற்று.

பிரதம சஞ்சார சுகாதார அதிகாரி டாக்குத்தர் சண்முகநாதன் சீமைக்குப் போய் ஆறு மாதம் தங்கி, ஆகார சாஸ்திரத்தையும் நீங்காத மூக்கடைப்புத் தடிமனையும் பெற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். ஒருநாள் அவருடைய கார் இராசமலரை முந்திச் சென்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் புழுக்கொடியல் முறியும் ஓசை அவருடைய காதில் விழுந்தது. மறுநாள் அவள் கந்தோருக்கு அழைக்கப்பட்டாள்.

“நீர் சயிக்கிளிலை போகேக்கை சாப்பிட்டனீரோ?”

“ஓம் ஐயா.”

“என்ன சாப்பிட்டனீர்?”

“புழுக்கொடியல்.”

அதிகாரி கண்களை மூடினார். பக்கத்திலிருந்த கிளாக்கர் செபநாயகம், இந்தச் சொல் அரசாங்கக் கடதாசியில் எழுதத் தக்கதோ என்ற ஐயத்தில் பேனையை அந்தரத்தில் பிடித்தார்.

“ஏன் சாப்பிட்டனீர்?”

“பசிச்சது ஐயா.”

“எத்தினையாம் மைலிலை பசிச்சது?”

“அதை ஆர் பாத்தது? தோட்டவெளி தாண்டேக்கை பசிச்சது.”

“எத்தினையாம் மைல் எண்டு தெரியாத பசி பசியில்லை. அது பழக்கம்.”

“கெட்ட பழக்கம் எண்டு எழுதட்டோ ஐயா?” என்று கேட்டார் செபநாயகம்.

“பழக்கம் எண்டு எழுதும். கெட்டதோ எண்டதைப் பேந்து கமிட்டி தீர்மானிக்கும்.”

கமிட்டி மூன்று தடவை கூடியது. மூன்று தடவையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னரே கூடியது. அதன் பயனாக, ‘சயிக்கிள் ஊழியரின் பசியைத் தடுத்தலும் நிர்வகித்தலும்’ என்ற நூற்றுப் பதினாலாம் சுற்றுநிருபம் வெளியாயிற்று. விஞ்ஞான முறைப்படி பசியானது ஒவ்வொரு தெருவிலும் நாலாம் மைல் கட்டையடியிலேயே தோன்றும். அவ்விடத்தில் ஊழியர் இறங்கி, சயிக்கிளைக் கட்டையில் சாத்தி, கந்தோர் வழங்கும் தகரப் பேணியிலிருந்து இரண்டு விசுக்கோத்துகளை எடுத்து, ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மென்று விழுங்குதல் வேண்டும். பற்கள் குறைந்தவர்கள் பல் வைத்தியரின் அத்தாட்சியுடன் விண்ணப்பித்தால் மெல்லும் தடவைகள் விகிதப்படி குறைக்கப்படும். இரண்டு கட்டைகளுக்கிடையே தோன்றும் பசி ஒத்திவைக்கப்படுதல் வேண்டும். உண்டமைக்குப் பசிப் புத்தகத்தில் கண்ணியமான ஒருவரின் கையொப்பம் பெறப்படுதல் வேண்டும். மூன்று தடவை தவறியவரின் சயிக்கிள் மீளப் பெறப்படும்.

கடைசி வாக்கியத்தை மாத்திரம் இராசமலர் இரண்டு தரம் வாசித்தாள்.

அவள் போகும் தெருவில் நாலாம் கட்டை ஒரு கள்ளுத் தவறணைக்கு நேரெதிரே நின்றது. அவள் இறங்கினாள், சாத்தினாள், முப்பத்திரண்டு தடவை மென்றாள். விசுக்கோத்து வாயிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சியதேயன்றிப் பசியைத் தொடவில்லை. ஒப்பத்துக்கு ஆள் தேடினாள். தவறணையில் கண்ணியமானவர்களுக்குக் குறைவில்லை, ஊர்த் தலைமைக்காரரான உடையாரே இருந்தார்.

“உடையார் ஐயா, ஒரு ஒப்பம் வைச்சுத் தாருங்கோ.”

“பிள்ளை, நான் இஞ்சை இல்லை,” என்றார் உடையார், மீசையைத் துடைத்தபடி.

“அப்ப உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறவர்?”

“அவர் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். அவர் இஞ்சை வாறதே இல்லை.”

பெரிய வாத்தியாரும் அதை ஆமோதித்துத் தலையசைத்தார். புத்தகம் ஒப்பமின்றிப் போயிற்று. அது முதலாவது தவறு.

இரண்டாவது தவறு மூன்றாம் கட்டையடியில் நிகழ்ந்தது. அவசரப் பிரசவமொன்றுக்குப் போகும் வழியில் அவள் ஒரு கதலிப்பழத்தை உரித்துவிட்டாள். வேலியோரமாக நின்ற எவரோ அதைக் கண்டு கந்தோருக்கு முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுதினார். ‘பசியை ஒரு மைல் முன்கூட்டியே அனுபவித்தமை’ என்று கோவையில் பதியப்பட்டது.

இதற்கிடையில் ஊரில் நிகழ்ந்ததை எந்தக் கமிட்டியும் எதிர்பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் அது கௌரவம். பசியும் அதற்கு விலக்கல்ல. நல்லூர் வீதிகளில், வீட்டுப் படலையிலிருந்து கோயில் வாசல் மட்டுமே சயிக்கிளில் போகும் இளைஞர்கள் ஹாண்டிலில் விசுக்கோத்துப் பேணி கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பேணி வெறுமையாக இருந்தால் நல்லது. மணியோடு சேர்ந்து அதுவும் ஒலிக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படிப்பை விசாரித்த பின் குரலைத் தாழ்த்தி, “மாப்பிள்ளைக்குக் கவுண்மேந்துப் பசியோ, சும்மா பசியோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள். சும்மா பசிக்காரர்கள் முப்பது வயதிலும் கலியாணமின்றி இருந்தார்கள். வீடுகளில் புழுக்கொடியல் மறைவாகத் தின்னும் பண்டமாயிற்று. அதன் ஓசை அயலுக்குக் கேளாதிருக்க, சிலர் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றதாகவும் கேள்வி.

ஆனால் ஒரு தெருவுக்கு ஒரு நாலாம் கட்டைதானே உண்டு? பசிக்கத் தங்களுக்கும் உரிமையுண்டென்று ஊருக்கு ஊர் பெட்டிசங்கள் பறந்தன. நாதசுரம் ஊதுவதால் வயிறு சயிக்கிள் மிதிப்பதிலும் கூடுதலாகக் காய்கிறதென்று நாதசுரத்துக்குப் பேர்போன அளவெட்டியார் நிரூபித்தார்கள். பெட்டிசங்களுக்குப் பதில் வரத் தாமதமானபோது கட்டைகளே இரகசியமாகப் பயணம் போகத் தொடங்கின. ஒரு வாரத்தில் ஒரே தெருவில் நாலாம் கட்டை மூன்று ஊர்களில் காணப்பட்டது. ஈற்றில், தெருக்களைப் பரிபாலிக்கும் இன்னொரு கந்தோர் கட்டைகள் அனைத்தையும் பிடுங்கி, விசாரணை முடியும்வரை ஒரு வளவில் போட்டுப் பூட்டியது.

இராசமலர் மறுபடியும் அதிகாரியின் முன் நின்றாள்.

“ஐயா, கட்டை இல்லையே. இனி எங்கை சாப்பிடுறது?”

“கட்டை இல்லாத இடத்திலை பசி எப்பிடி வரும்?”

“வருகுது ஐயா.”

“கந்தோருக்கு அப்பிடி ஒரு அறிவித்தலும் வரேல்லை. நீர் போம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த மாதம் பசிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. குடாநாட்டில் சயிக்கிள் ஊழியரிடையே பசி முற்றாக ஒழிக்கப்பட்டதெனக் கொழும்புக்கு றிப்போட் போயிற்று. கொழும்பு பாராட்டியது. பாராட்டைக் கொண்டாடுவதற்காக, நல்லூரிலிருந்து அளவெட்டிக்குப் ‘பசியொழிப்புச் சயிக்கிள் பவனி’ ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. காரில் மாத்திரம் சஞ்சரித்து வந்த அதிகாரியே அதற்குத் தலைமை தாங்கினார். பசி இல்லை என்பதை நிரூபிக்கும் பொருட்டுக் காலையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதே காலையில் அளவெட்டி நாதசுரக்காரர் நாகலிங்கத்தின் மனைவிக்கு வலி எடுத்ததாகச் செய்தி வந்தது. இராசமலர் மிதித்துக்கொண்டு பாதி வழி வந்தபோது, ஒரு பூவரசின் கீழ் அதிகாரி மல்லாந்து கிடந்தார். பேணி கட்டிய இளைஞர்களுக்கு வழியிலேயே அவசர வேலைகள் ஞாபகம் வந்துவிட்டன. எஞ்சியிருந்தவர் செபநாயகம் மாத்திரமே. அவருடைய மடியில், அரக்கு முத்திரையிட்ட கந்தோர்ப் பேணி இருந்தது.

“உடைச்சுக் குடுமன் அதை!” என்றாள் இராசமலர்.

“முத்திரையை உடைக்க ஐயாவின்ரை ஒப்பம் வேணும், மிஸி. வைச்சுத் தந்தவர்தான். ஆனால் கை நடுங்கினபடியாலை, ஐயாவின்ரை ஒப்பம் ஐயாவின்ரை ஒப்பம் மாதிரி இல்லை.”

“அவர் கண்ணுக்கு முன்னாலை கிடக்கிறாரே!”

“கிடக்கிறார். ஆனால் ஒப்பம் பொருந்தேல்லை.”

அவள் ஓலைப்பெட்டியைத் திறந்து அதிகாரியின் வாயில் பனங்கட்டியை வைத்தாள். சிறிது நேரத்தில் அவர் கண் விழித்தார், கச்சானைக் கண்டார், பழங்களைக் கண்டார்.

“இது… எத்தினையாம்…”

“கதையாமல் சாப்பிடுங்கோ, ஐயா.”

கதையாமல் சாப்பிட்டார். புழுக்கொடியலைக் கடைசித் துண்டுவரை கடித்தார். அந்த ஓசை தெருவின் இரு கரைக்கும் கேட்டது. இராசமலர் வெறும் பெட்டியோடு மீதி வழியை மிதித்தாள். அளவெட்டியில் இறங்கும்போது அவளுடைய கண் இருட்டியது, கை நடுங்கியது. நாகலிங்கத்தின் அடுப்படிக்குள் நேரே போய், கேளாமலே ஒரு கட்டி பனங்கட்டியை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தாள். நடுக்கம் நின்றபின் அறைக்குள் நுழைந்தாள். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வந்திராது. பிள்ளை சுருதி சேர்த்தே அழுததாகத் தகப்பன் எல்லோருக்கும் சொன்னார்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. ‘அங்கீகரிக்கப்பட்ட கட்டை இல்லாதவிடத்து, அங்கீகரிக்கப்படாத ஆகாரத்தைக் கொண்டுசென்றமையும், அதனை ஓர் உயர் அதிகாரியின் வயிற்றினுள் வைப்புச் செய்தமையும்’ மூன்றாவது தவறு. சயிக்கிள் மீளப் பெறப்பட்டு, சுற்றுநிருபங்களை விநியோகிக்கும் பொருட்டுச் செபநாயகத்துக்கு வழங்கப்பட்டது.

இராசமலர் அளவெட்டிக்கு நடந்து போய் நாகலிங்கத்தைக் கண்டாள்.

“அண்ணை, ஊர் சேந்து ஒரு பெட்டிசம் எழுதுங்கோ. சயிக்கிள் இல்லாட்டி அடுத்த பிள்ளைக்கு நான் வந்து சேரன்.”

“ஏன் எழுதாமல், பிள்ளை!” என்றார் நாகலிங்கம். “நீ என்ரை வீட்டு விளக்கைக் காப்பாத்தினனி. நானே முதல் ஒப்பம் வைக்கிறன்.”

அவர் சொன்ன சொல் தவறாதவர். பெட்டிசம் எழுதப்பட்டது, முந்நூறு பேர் ஒப்பமிட்டார்கள். இராசமலர் ஒரு மாதம் நடந்தாள். நடந்தபடியே புழுக்கொடியல் தின்றாள். நடப்பவர் பசிக்குச் சுற்றுநிருபம் எதுவும் இல்லாதிருந்தது.

மாதம் கழிந்து, ஊரெழுவில் ஒருத்திக்கு வலியென்று அவள் எட்டி நடந்துகொண்டிருந்தபோது, எதிரே செபநாயகம் அவளுடைய சயிக்கிளில் தள்ளாடி வந்து இறங்கினார்.

“மிஸி, உங்கடை பெட்டிசத்துக்கு மறுமொழி வந்திட்டுது,” என்று நூற்றுப் பதினைந்தாம் சுற்றுநிருபத்தை நீட்டினார்.

பெட்டிசத்தின் பிரதியும் அதில் இணைக்கப்பட்டிருந்தது. தங்கள் ஊர் மருத்துவிச்சி பட்டப்பகலில் புழுக்கொடியலை மென்றபடி நடந்து வருவதால் சம்பந்தக்காரர் முன்னிலையில் தலைநிமிர முடியவில்லை என்றும், ஆகையால் நடப்போர் பசிக்கும் விதி செய்து, அளவெட்டிச் சந்தியில் ஒரு நாலாம் கட்டை நாட்டி, ஒரு பேணி விசுக்கோத்தும் தந்துதவ வேண்டும் என்றும் ஊரார் பணிவுடன் கேட்டிருந்தார்கள். கந்தோரும் அவ்வாறே விதித்திருந்தது. முதல் ஒப்பம் நாகலிங்கத்துடையது. சயிக்கிளைப் பற்றி எழுதக் கடதாசியில் இடம் போதவில்லை போலும்.

“மிஸி, இந்தச் சயிக்கிளைக் கொஞ்சம் பிடியுங்கோ,” என்றார் செபநாயகம். “முழங்கால் சோருது. கண்ணும் இருட்டுது. உந்தப் பெட்டியிலை ஒரு துண்டு தாங்கோ. வேணுமெண்டால் சயிக்கிளை நீங்களே கொண்டு போங்கோ. நான் களவு போனதெண்டு சொல்லுறன்.”

ஒரு மாதத்துக்குப் பின் ஹாண்டில் அவளுடைய கைக்குள் வந்தது. ஊரெழு ஒரு மைல்கூட இராது. அவள் பெட்டியைத் திறந்தாள், ஒரு துண்டு புழுக்கொடியலை எடுத்தாள், நீட்டினாள், பின், ஏனென்று தெரியாமல், கையை இழுத்துக்கொண்டாள்.

“எத்தினையாம் மைலிலை பசிச்சது?”

“கட்டை இல்லையே, மிஸி! எப்பிடித் தெரியும்?”

“தெரியாதெண்டால் அது பசியில்லை, செபநாயகம். அது பழக்கம்.”

“மிஸி…”

“கண்ணியமான ஆள் ஒருத்தரின்ரை ஒப்பம் எடுத்துக்கொண்டு வாரும். நான் இஞ்சை நிக்கிறன்.”

செபநாயகம் தள்ளாடித் தவறணைப் பக்கம் நடந்தார். இராசமலர் சயிக்கிளைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்வியைக் கேட்பது புழுக்கொடியலிலும் ருசியாக இருக்குமென்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஊரெழுவில் பிள்ளை பிறந்துகொண்டிருந்தது.