மாதா விளக்கும் மூன்றாம் கியரும்

கோவில்பதாகை,
திங்கட்கிழமை மத்தியானம்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மச்சான் மேக்ஸ்வெல் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ராயப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் சகாயமேரியும் வண்டியும் நலம். தூத்துக்குடியில் தங்கள் குடும்பத்தார் அனைவரும் அவ்விதமே நலமாயிருக்க இயேசு மரி சூசை அருள்புரிவார்களாக. மேலே "வண்டியும் நலம்" என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டேன். போன கடிதத்தில் "நீங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த இந்த அம்பாசடரை நீங்களே வந்து இழுத்துக்கொண்டு போங்கள்" என்று கோபத்தில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடவும். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் ஸ்பீக்கர் போடாமல் யாரும் போன் பேசுவதில்லை. இதில் இருக்கும் ஒரு விஷயம் உங்கள் தங்கச்சி காதுக்குப் போகவே கூடாது.

சகாயமேரிக்கு இடது முட்டி ஆபரேஷன் ஆனது தாங்கள் அறிந்ததே. கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதுவும் தாங்கள் அறிந்ததே, உங்கள் வீட்டு கேட்டை இடித்த நாளிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆவடி ஸ்கூலுக்குத் தானே ஓட்டிக்கிட்டுப் போன டீச்சர் மச்சான் அவ! எட்டு மாசமா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஷேர் ஆட்டோவுல கால் மடக்க முடியாது. பூசைக்குப் போறதுன்னா யார் வீட்டு வண்டியிலயாவது இடம் கேட்கணும், அவளுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. பாட்டுக் குழுவுக்குப் போறதையும் நிறுத்திட்டா. என்னைத் திட்டுறதுகூட குறைஞ்சு போச்சு. எனக்கு நிஜமாவே பயமா இருந்துது.

அதனாலதான் இந்த வேலையில இறங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டுல ஷெட் வச்சிருக்கிற முகமது ஆசிக், ஒரு பழைய ஜப்பான் காரோட இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், அதுக்கு உத்தரவு போடுற கம்ப்யூட்டர் டப்பா மூணையும் நம்ம வண்டிக்குள்ள உட்கார வச்சுக் கொடுத்தான். ஆர்.டி.ஓ. காகிதம் எல்லாம் முறைப்படி வாங்கியாச்சு. இனிமே கிளட்ச்சே கிடையாது, வலது கால் மட்டும் போதும், கியரை அந்த டப்பாவே பார்த்து மாத்திக்கும். நானும் சும்மா இருக்கலை. முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரியில எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவன், டேஷ்போர்டு மேல இருக்கிற மாதா சுரூபத்துக்கு மினுக் மினுக்குன்னு ஒரு விளக்கு வாங்கி, நானே ஒயர் இழுத்து, நானே டேப் சுத்தி, அவளுக்குக் கை எட்டுற இடத்துல சுவிட்ச்சும் வச்சேன். அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்னு கீழே வருது.

முதல் நாள் சிலுவை போட்டு, ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லி, விளக்கைப் போட்டு வண்டியை எடுத்தா பாருங்க, ரெண்டு தெரு அப்படியே வெண்ணெய் மாதிரி போச்சு, மூணாவது தெருவுல டொக்குன்னு ஒரு சத்தம், மூணாவது கியர்ல போய் மாட்டிக்கிச்சு, மேலயும் போகலை கீழயும் இறங்கலை, அம்பத்தூர் பாலத்து ஏத்தத்துல முக்கி முனகி நடுவுலயே நின்னுடுச்சு, பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது, ஒரு ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "இன்னா நைனா, பாலத்து மேல படம் காட்டிக்கினு கீறே? எறங்கித் தள்ளு!"ன்றான், நான் எறங்கித் தள்ளுறேன், டீச்சரம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு நேராப் பார்த்துக்கிட்டு இருக்கா. ஆசிக்குக்குப் போன் போட்டேன். வந்தான், சாவியை அணைச்சுப் போட்டான், தனியா உட்கார்ந்து ஆவடி வரைக்கும் ஓட்டிட்டு வந்து, "சார், வண்டி சூப்பரா கீது சார்"னு சாவியைக் கையில குடுத்துட்டான்.

இதே கதை நாலு தரம் நடந்துது மச்சான்! அவன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தா, ஆக்சிலரேட்டர் சென்சார் கோளாறுன்னு காட்டுது. சென்சாரை மாத்தினான். மறுபடியும் அதே. சென்சாருக்குச் சென்சார் மாத்தினான். ஆயிலை மாத்தினான், எர்த் ஒயர் ரெண்டு கூடப் போட்டான். அவன் ஓட்டினா பட்டத்து யானை மாதிரி போகுது, நாங்க ஏறினா மூணாவது கியர். "உன் கைக்கு மட்டும் பழக்கி வச்சிருக்கியா?"ன்னு அந்தப் பையனை நான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். இப்ப நெனச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. சகாயமேரி வேற, நம்ம ஜெபம் பத்தலைன்னு சொல்லி, அவ பாட்டுக் குழுத் தோழி எவாஞ்சலின் வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிட்டு வந்த பெரிய நீல விளக்கையும் குடுத்து, இதையும் சேர்த்து மாட்டுங்கன்னா. மாட்டினேன். அப்புறம் மூணாவது தெரு வரைக்கும்கூடப் போகலை, எங்க வாசல்லயே டொக்கு. வண்டியைக் கோவிலுக்கே கொண்டுபோய், சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சோம். தீர்த்தம் தெளிச்சு முடிச்சு, அவர் எதிர்லயே ரெண்டு விளக்கையும் போட்டு எடுத்தா, கோவில் வளாகத்துல ஒரு குதி குதிச்சுப் போய் பூந்தொட்டி ஒண்ணைச் சாய்ச்சுது. சாமியார் பெருந்தன்மையா, "பரவாயில்ல, தொட்டி பழசுதான்"னார்.

அன்னிக்குத்தான் சகாயமேரி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட கழட்டாம சொன்னா, "போதும். இது ஓடாது, நானும் ஓட்டப் போறதில்ல. பூந்தமல்லியில பரந்தாமன்னு ஒருத்தர் பழைய வண்டி வாங்குறாராம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டார்." வண்டி போனாப் போகட்டும் மச்சான், ஆனா அது போனா அவ அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே மாட்டாளேன்னு இருந்துது. தினம் காலையில காபி கொடுக்கும்போது, "பரந்தாமன் கேட்டார், டயர் எல்லாம் நல்லா இருக்கான்னு"ன்பா. "பரந்தாமன் நேரம் தவறமாட்டாராம்"ன்பா. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே காபி இறங்காது. அஞ்சு நாள் நான் ஷெட்டே கதின்னு கிடந்தேன்.

சனிக்கிழமை காலையில ஆசிக் சொன்னான், "சார், நான் பின் சீட்ல குந்திக்கிறேன். நீங்களும் அம்மாவும் டெய்லி இன்னா செய்வீங்களோ அதையே செய்யுங்க. ஒண்ணும் மாத்தாதீங்க." சரின்னு சிலுவை போட்டோம், மந்திரம் சொன்னோம், ஆமென், விளக்கு ரெண்டும் எரிஞ்சுது. பின்னாடி லேப்டாப்பை மடியில வச்சிருந்தவன் திரையைப் பார்க்கிறான், விளக்கைப் பார்க்கிறான். வேர்த்துப் போய் கைக்குட்டையை எடுத்துத் துடைச்சுக்கிறான். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. மாதா லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்லாமா?"ன்னான். சகாயமேரி அவனைத் திரும்பிப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மாதாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டு சுவிட்ச்சை அணைச்சா. வண்டி பறந்துது மச்சான்! அம்பத்தூர் பாலத்துல ஏறி இறங்கி, திருமுல்லைவாயில் வந்து, அவளா வாய்விட்டுச் சிரிச்சுட்டு, "இன்னொரு ரவுண்டு போலாமா?"ன்னா. நான் அழுதுட்டேன். தூசின்னு சொன்னேன்.

விஷயம் இதுதான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம்னு டப்பாவுக்குச் சொல்ற மெல்லிசான ஒயர் ஒண்ணு இருக்கு. அதுல வர்ற கரண்ட் அந்தச் சின்ன விளக்குக்குச் சரியா இருந்ததால, தனியா எதுக்குச் செலவுன்னு விளக்கை அதிலேயே கொக்கி போட்டது நான்தான். விளக்கு ஒரு தடவை மினுக்கினா காலை மிதிச்ச மாதிரி, அடுத்த மினுக்குக்குக் காலை எடுத்த மாதிரி. இந்தம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துபோய் டப்பா மூணாவது கியர்ல பூட்டிக்கும். சகாயமேரி எறங்கும்போது விளக்கை அணைச்சுட்டுத்தான் எறங்குவா, ஆசிக் தனியா ஓட்டும்போது மரியாதைக்காக அந்த சுவிட்ச்சைத் தொடவே மாட்டான், அதான் அவனுக்கு மட்டும் ஓடியிருக்கு. ரெண்டாம் தரமே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கு, "வேற மதத்துக்காரன் எப்டி சார் சொல்றது?"ன்னு இத்தனை நாளா முழுங்கிக்கிட்டு இருந்திருக்கான். சகாயமேரி எறங்கி வந்து, "இந்த ஒயரை யார் இழுத்தது?"ன்னு கேட்டப்ப, என் மூஞ்சியை ஒரு செகண்ட் பார்த்துட்டு, "பழைய ஒயரிங்மா, யாரோ எப்பவோ இழுத்தது"ன்னு சொல்லிட்டான் அந்தப் புண்ணியவான். அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன். இப்ப மாதாவுக்குத் தனி பவர் பேங்க், யார் தயவும் வேண்டாம்.

இந்த ரகசியம் தங்களுக்கும் எனக்கும் ஆசிக்குக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். பரந்தாமனை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. ஆசையாகக் காத்திருந்த மனுஷன். வரவேண்டாம் என்று சகாயமேரி சனிக்கிழமையே சொல்லிவிட்டாள். பரிகாரமாக ஒரு கிலோ அல்வாவும் அரைக் கிலோ மிக்சரும் வாங்கிக் கொடுத்தேன், பூந்தமல்லி போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிவிட்டாளாம். தங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு எங்கள் ஆசீரும். ஆண்டவர் தங்கள் வீட்டையும், வீட்டு கேட்டையும் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ராயப்பன்

பி.கு.: அண்ணா, சகாயமேரி எழுதுறேன். உங்க மச்சான் கவர் ஒட்ட பசை தேடிக்கிட்டு இருக்கார், அதுக்குள்ள படிச்சுட்டேன். அந்த ஒயர்ல சுத்தியிருந்தது பச்சை டேப். எங்க வீட்டு மிக்ஸி, குடை, அவர் மூக்குக்கண்ணாடி எல்லாத்துலயும் இருக்கிற அதே பச்சை டேப். ஆசிக் பாவம் பொய் சொன்னப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. பரந்தாமன்னு யாரும் இல்ல அண்ணா. அது எங்க சமையல்கட்டு காலண்டர்ல போட்டிருக்கிற மளிகைக்கடைக்காரர் பேர். தினமும் இவர் அதுலதான் தேதி பார்க்கிறார். நாள் குறிச்சு மிரட்டலைன்னா இவர் எந்த வேலையை முடிச்சிருக்கார்? எட்டு வருஷமா பாத்ரூம் குழாய் சொட்டுது. ஆனா அந்த அஞ்சு நாள் சோறு தண்ணி இல்லாம எனக்காக ஷெட்டுல கிடந்தாரே, அப்ப நானே சொல்லிடலாமான்னு ரெண்டு தரம் வாய் வரைக்கும் வந்துது. அல்வாவை நானும் எவாஞ்சலினும் சாப்பிட்டுட்டோம், மிக்சர் கொஞ்சம் நமத்துப் போயிருந்துது. இவர்கிட்ட எதையும் சொல்லிடாதீங்க. நாளைக்கு பரந்தாமன் போன் பண்ணி, குழாயைப் பத்தி விசாரிக்கப் போறார். இந்தக் கடிதத்தைத் தபால்ல போட நான்தான் வண்டி எடுத்துக்கிட்டுப் போறேன். கால் வலிக்கவே இல்ல அண்ணா.