அந்த டிரம்மர் சுத்த ஓவர்ரேட்டு

ஒரு வாத்தியத்தை வாசிக்கத் தெரியாதவன்தான் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. நான் டிரம்ஸைப் பற்றி ஆறு வருடம் பேசினேன். என் திறமையை இதிலிருந்தே நீங்கள் கணித்துக்கொள்ளலாம்.

என் எதிராளி மாமா பையன் கார்த்தி. என்னைவிட ஒரு வயது மூத்தவன். மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கிறான். கோயமுத்தூரில் கல்லூரியில் படித்தபோது இருவருக்கும் ஒரே அறை. அங்கேதான் எங்களுக்கு வெளிநாட்டு ராக் இசைப் பைத்தியம் பிடித்தது. (ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த வியாதி என்றுதான் என் அம்மா இன்றுவரை நம்புகிறார்.) பாடகர்களையும் கிதார்காரர்களையும் ஊரே பேசுகிறது, நாம் டிரம்மர்களைப் பேசுவோம் என்று முடிவு செய்தோம். யாருக்குத் தகுதிக்கு மேல் புகழ், யாருக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்பதுதான் விவாதம். எங்கள் பாஷையில் ஓவர்ரேட்டட், அண்டர்ரேட்டட். கொங்கு நாக்கில் அது ‘ஓவர்ரேட்டு’ என்றும் ‘அண்டர்ரேட்டு’ என்றும் தேய்ந்துவிட்டது.

சண்டையின் மையத்தில் இரண்டு டிரம்மர்கள். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு மல்லுக்கு வந்துவிடுவீர்கள். நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர்களையே சொல்கிறேன். ஒருவர் மீசை. இன்னொருவர் கண்ணாடி.

மீசையைச் சுற்றிப் பதினெட்டு டிரம்கள் இருக்கும். பாட்டின் நடுவே மற்றவர்கள் எல்லோரும் மேடையை விட்டு இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வருமளவுக்குத் தனியாக வாசிப்பார். கண்ணாடியிடம் இருப்பது நாலே டிரம். பாட்டு தொடங்கும்போது என்ன அடித்தாரோ அதையேதான் முடியும்போதும் அடிப்பார். கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். மீசைதான் கடவுள், கண்ணாடி சுத்த ஓவர்ரேட்டு என்பது என் கட்சி. கார்த்தி கண்ணாடி கட்சி. தீபாவளி, நோம்பி, எழவு, சீர் என்று எங்கே சந்தித்தாலும் இதே பேச்சுதான்.

நான் எந்த டிரம்ஸுக்கு முன்னாலும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அங்கே துணி ரோல்களின் மேல் இரண்டு ஸ்கேலை வைத்துத் தட்டுவேன். வீட்டில் தலையணை. வண்டி ஓட்டும்போது பெட்ரோல் டேங்க். இதையெல்லாம் பார்த்து, பையன் முறையாக டிரம்ஸ் வாசிப்பான் என்று எங்கள் சொந்தம் முழுக்க ஒரு செய்தி பரவியிருந்தது. அதை மறுக்கும் பெருந்தன்மை எனக்கு அப்போது இல்லை.

அந்த லட்சணத்தில்தான் என் அக்கா காயத்ரிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குன்னத்தூர்ப் பக்கம், தோட்டக்காரர்கள். மாப்பிள்ளை பிரபு நல்ல மனிதர், ஆனால் பேச மாட்டார். நிச்சயம் முடிந்த நாலு மாதத்தில் அக்காவிடம் அவர் பேசியதை ஒரு போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம். “சாப்டீங்களா?” என்று கேட்பார். அக்கா “சாப்டேனுங்க, நீங்க?” என்பாள். “சாப்டேன்.” அவ்வளவுதான். அக்கா ஒரு நாள் மொட்டை மாடியில் என்னிடம், “அவருக்கு என்னைப் புடிச்சிருக்குதா இல்லையான்னே தெரியலடா” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு மருந்தாக அக்காவின் சிநேகிதிகள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வரவேற்பன்று மாலை ஜோடி சேர்ந்து மேடையில் ஒரு மெதுவான பாட்டுக்கு ஆடுவது. பிரபு ஒத்துக்கொண்டதே பெரிய அதிசயம். இவள் இங்கே, அவர் அங்கே, மூன்று வாரம் வீடியோ காலில் பயிற்சி. அந்தப் பயிற்சியிலும் பேசவில்லையாம். “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு பாட்டின் மேல் அக்கா எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவிநாசியில் மண்டபம். ஆறரை மணிக்கெல்லாம் கூட்டம். மேடையின் ஓரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா. டிரம்ஸில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், வாரநாட்களில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கார்த்தியோடு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் கத்தித்தான் பேச வேண்டும். நானும் கத்தினேன். நான் கத்திக்கொண்டிருந்த அதே நொடியில் பாட்டு சட்டென்று முடிந்தது. மண்டபமே அமைதியானது. என் குரல் மட்டும் தனியாகப் போனது.

“அந்த டிரம்மர் சுத்த ஓவர்ரேட்டு! நாலு நிமிஷமும் ஒரே அடி! அதுக்கு நானே போதும், நானே வாசிப்பேன்!”

திருப்பூரில் ‘ரேட்டு’ என்றால் ஒரே அர்த்தம்தான். பீஸுக்கு எவ்வளவு என்பது. தையலுக்கு ரேட்டு, சாயத்துக்கு ரேட்டு, பட்டன் வைக்க ரேட்டு. மண்டபத்திலிருந்த அறுநூறு பேரும் அந்த அர்த்தத்தில்தான் அதைக் கேட்டார்கள். என் அப்பா முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். “ஏஞ்சாமி, எவ்வளவுக்குப் பேசுனீங்க? அட்வான்ஸ் குடுத்தாச்சா?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

“அப்பா, அது இவங்களச் சொல்லலீங்க. கண்ணாடியச் சொன்னேன்.”

“எந்தக் கண்ணாடி?”

இதற்கு நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

அதற்குள் ஸ்டெல்லா எழுந்து வந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “அண்ணே, காலையில இருந்து ஓவர்லாக் மிஷின்ல உக்காந்துட்டு நேரா இங்க வந்திருக்கேன். ரேட்டு சாஸ்தின்னா மேனேஜர்ட்ட பேசியிருக்கலாம்லா? சபையில வச்சு இப்பிடியா சொல்லுவீய?” என்றார். இரண்டு குச்சிகளையும் என் கையில் வைத்தார். “நீங்களே வாசிப்பேன்னு சொன்னீயள்லா. வாசிங்க.” சொல்லிவிட்டு மேடையின் படியில் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் அம்மா முந்திக்கொண்டார். சம்பந்தியம்மாவிடம், “அதுக்கென்னங்க, என்ற பையன் நல்லா வாசிப்பானுங்க. காலேஜ்லயே வாசிச்சவன்” என்றார். கார்த்தி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். “ஆமாங்கத்த, எப்பப் பார்த்தாலும் அதே நெனப்புதான் அவனுக்கு” என்றான். (உறவுக்காரன்!) மேடையில் விளக்கு மாறியது. அக்காவும் பிரபுவும் நடுவில் வந்து நின்றார்கள். அடுத்தது அந்தப் பாட்டு.

உட்கார்ந்தேன்.

முதல் இருபது நொடி நன்றாகவே போனது. ‘அட, நமக்கு வருகிறதே’ என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் எல்லாம் போயிற்று. தலையணைக்குக் கால் வைத்து மிதிக்கும் பாகம் கிடையாது என்பதை நான் யோசித்ததே இல்லை. வலது கை தட்டும்போதெல்லாம் வலது காலும் கூடவே மிதித்தது. காலைத் தனியாக நிறுத்தினால் கையும் நின்றது. பயத்தில் வேகம் கூடியது. வேகம் கூடியதால் பயம் கூடியது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்தவர் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லாமல் இரண்டையும் ஒட்டிப் பாடினார்.

மேடையின் நடுவில் அக்காவும் பிரபுவும் பழகியதை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். மெதுவாக நாலு அடி முன்னே, நாலு அடி பின்னே, கையைப் பிடித்து ஒரு சுற்று. அதுதான் ஆட்டம். என் தயவில் அவர்கள் நாலடி முன்னே ஓடி, நாலடி பின்னே ஓடி, பம்பரமாகச் சுற்றினார்கள். பிரபு பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவது எனக்கே கேட்டது. “ஒண்ணுரெண்டுமூணுநாலு, ஒண்ணுரெண்டுமூணுநாலு.”

இந்த நிலைமையில் மீசை என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். ஒரு பெரிய உருட்டு உருட்டிப் பித்தளைத் தட்டில் ஓங்கி அடித்திருப்பார். நானும் உருட்டினேன். இடது கைக் குச்சி பறந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரபுவின் அப்புச்சியின் மடியில் போய் விழுந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா, எண்பது வயதுக்காரர். அதை எடுத்துத் துண்டால் துடைத்து, மேடை ஓரமாக வந்து நீட்டினார். “இது உன்றதா கண்ணு?” என்றார். நான் வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையால் வாங்கி, “ஆமாங்க அப்புச்சி” என்றேன். நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. நிறுத்தினால் அந்த அமைதியை யார் எதிர்கொள்வது?

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. “நிறுத்தாதீங்க. நிறுத்துனா அவிய ரெண்டு பேரும் விழுந்துருவாவ. வலது கைக் குச்சிய மட்டும் குடுங்க.”

ஸ்டெல்லா. குச்சியைக் கொடுத்தேன். என் கடைசி அடிக்கு அடுத்த அடி அவர் கையிலிருந்து வந்தது. பிறகு இடது கைக் குச்சியை வாங்கினார். “இப்பம் அப்படியே நகருங்க.” நான் ஒரு பக்கம் நழுவ, அவர் மறு பக்கம் உட்கார்ந்தார். நடுவில் ஓர் அடிகூடத் தவறவில்லை. உடனே மெதுவாக்குவார் என்று நினைத்தேன். இல்லை. என் அசுர வேகத்திலேயே கொஞ்ச நேரம் போனார். பிறகு யாருக்கும் தெரியாமல், ஓடுகிற மாட்டைத் தட்டிக்கொடுத்து நடக்க வைப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பாடகருக்கு மூச்சு வந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆடத் தொடங்கினார்கள்.

அவர் அடித்தது ஒரே அடிதான். உட்கார்ந்ததிலிருந்து கடைசிவரை அதே அடி. நான் ஆறு வருடமாக ஓவர்ரேட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த அடி. மேடை ஓரத்தில் வேர்வையில் நனைந்து நின்றபடி, ஒரு கூட்டமே தன்னை அறியாமல் அதன் மேல் நின்றுகொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பந்தியில் அவரைத் தேடிப் போய்ப் பக்கத்து இலையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். ஓவர்ரேட்டட் என்றால் என்ன, மீசை யார், கண்ணாடி யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். “இதுக்கா ஆறு வருசம்? போட்டுக் காட்டுங்க” என்றார். என் போனில் போட்டு, இயர்போனில் ஒன்றைக் கொடுத்தேன். கார்த்தியும் வந்து நின்றான்.

மீசையை ஒரு நிமிடம் கேட்டார். “நல்லாத்தான் வாசிக்காரு. ஆனா கூட யாரு வாசிக்கான்னு இவருக்குத் தெரியாது போல.” கண்ணாடியைக் கேட்கும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “இவரு யாரையும் ஓடவும் விடல, தூங்கவும் விடல. இவரப் போயா சொன்னீய?” என்றார். கார்த்தி எனக்கு ஆறுதலாக இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னான். வழக்கு முடிந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அவளே பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “அக்கா, மன்னிச்சிரு” என்று தொடங்கினேன். அவள் அழுதிருக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தது. “மூணாவது தடவ சுத்தும்போது அவரு எங்கிட்ட என்ன சொன்னாருன்னு தெரியுமாடா? ‘உங்க தம்பிக்கு நான் என்னங்க பாவம் பண்ணுனேன்’னாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அவரும் சிரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் மனுசன் வாய மூடல.” பின்னால் பிரபு வந்துகொண்டிருந்தார். யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. ஸ்டெல்லா இப்போது சொந்தமாக ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகைக்கு நானும் கார்த்தியும் போவோம். போன வருடத்திலிருந்து எனக்கு ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறார். இப்போதைக்கு ஓடாமல் நிற்கிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் டிரம்ஸில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன்.

அந்தக் கல்யாண வீடியோவை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அக்காவின் குன்னத்தூர் வீட்டுக்கு யார் விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுக் காட்டுவார்கள். ஜோடி பம்பரமாகச் சுற்றும் இடம் வந்ததும் புதிதாய் வந்தவர்கள் பரபரப்பாக ரிமோட்டைத் தேடுவார்கள். பிரபுவின் அம்மா அவர்களை உட்கார வைத்துச் சொல்வார்:

“ரிமோட்ட வைங்க சாமி, படம் சரியாத்தான் ஓடுது. வாசிக்கறது எங்க மருமகளோட தம்பி.”