ஒட்டுக்கேட்கும் போன்

"இந்தத் தடவையாவது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதுங்க."

"தெரியாதுட்டி. தரகர் கிடையாது, மச்சான் கொழுந்தன் கிடையாது. எல்லாம் போன்லதான். போனுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்குல்லா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது ரோஸ்மேரியும் ஜெபசிங்கும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மகள் ரெஜினாவுக்கு இதற்கு முன் வந்த சம்பந்தங்கள் பேச்சு முடிவதற்குள் வெளியே கசிந்து, யாரோ மாப்பிள்ளை வீட்டில் எதையோ ஓதிவிட, கலைந்துபோயிருந்தன. இப்போது வந்திருப்பவன் நாகர்கோவில் பையன், பெயர் டென்னிஸ். சபைக் கூட்டமொன்றில் பையனின் அப்பாவே ஜெபசிங்கிடம் நம்பர் கொடுத்தார். எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கும் ரெஜினா, பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அந்தப் போட்டோ அழிஞ்சிட்டுப்பா, இன்னொரு தடவ அனுப்புங்க" என்றாள். அது எப்படி அழிந்தது என்று பெற்றவர்கள் இருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தம்முடைய தார்ப்பாய்க் கடையின் ஷட்டரைத் தூக்கினார் ஜெபசிங். எதிர்ச்சாரியில் இட்லிக் கடை போட்டிருக்கும் குப்பம்மா சாலையைக் கடந்து வந்து கேட்டாள்.

"இன்னா நைனா, மாப்ள நாகர்கோயிலாமே."

சாவிக்கொத்து கீழே விழுந்தது. "யாரு சொன்னா?"

"பேசிக்கினாங்க."

உள்ளே போய் உட்கார்ந்து போனைத் திறந்தார். கல்யாண மண்டப விளம்பரம் ஒன்று பூமாலையோடு சிரித்தது. முந்தின நாள்தான் மண்டபத்தைப் பற்றி ரோஸ்மேரியிடம் போனில் பேசியிருந்தார். ஜெபசிங்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டால் அவர் தாமதிக்கிற ஆள் இல்லை.

கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வீடு. படியேறினால் முழங்கால் பிணங்கும் என்பதால் மனைவியிடம் எதையும் போனில்தான் சொல்வார். ரோஸ்மேரி போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவாள்.

"ரோசு, இந்தப் போனு ஒட்டுக்கேக்குது. பாஸ்வேர்டை மாத்திட்டேன். உன் போன்லயும் போடு. பெரிய என், சின்ன ஏ, சின்ன இசட்..."

"இருங்க, எழுதிக்கிடுதேன்."

"எழுதாத. எவனாவது பாத்திருவான். மனசுல வச்சுக்கோ."

மறுநாள் கயிறு வாங்க வந்த டிரெய்லர் டிரைவர் துரை, முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாப்ளைக்குக் கப்பல்ல வேலையாமே அண்ணாச்சி. ஆறு மாசம் தண்ணிலயே கீறவரு. பொண்ணு பேஜாராயிடாது?"

ஜெபசிங் கயிற்றுக்குக் காசு வாங்கக்கூட மறந்து, நாலு கடை தள்ளியிருந்த மொபைல் கடைக்கு நடந்தார். கடைக்காரன் வெற்றி போனைத் தடவிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"எல்லா ஆப்புக்கும் மைக்கைத் தெறந்து வுட்டுக்கிறீங்க அண்ணாச்சி. டார்ச் லைட்டுக்கு எதுக்கு மைக்கு?"

"அதான பாத்தேன். ஒண்ணு விடாம அடைச்சிரு."

அடைத்தான். ஜெபசிங் கடைக்குத் திரும்பி, சோதித்துப் பார்க்க மனைவிக்கு நெட் கால் போட்டார்.

"ரோசு, மைக்கை அடைச்சாச்சு. நான் பேசுதது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

அடைத்த மைக்கில் எப்படிக் கேட்கிறது? மதுரை வியாபாரி ஒருவருக்குப் போட்டார். அவர், "அலோ, அலோ, ஒண்ணுமே கேக்கலையே" என்று வைத்துவிட்டார். பம்பாய்க்குப் போட்டார். அங்கேயும் கேட்கவில்லை. ஆக, இந்தப் போன் வியாபாரத்தை விட்டுவிட்டது. அவருடைய குடும்ப விஷயத்தை மட்டும் குறிவைத்துக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை இன்னும் கடினமான பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டு, அதையும் மனைவிக்குப் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, மறுபடி சொல்லி, அவள் திருப்பிச் சொல்லக் கேட்டுச் சரிபார்த்தார். ரோஸ்மேரியின் போனிலிருந்து மாப்பிள்ளை வீட்டு நம்பரையும் அழிக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலமே குப்பம்மா கேட்டாள்: "நாளிக்கி வர்றாங்களாமே. ஆப்பம் எதுனா வோணுமா நைனா?"

பொறுமை போய்விட்டது. சனிக்கிழமை காலை வெற்றி கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றார்.

"போனைத் தொடச்சிரு. பச்சப்புள்ள மாதிரி ஆயிரணும். சிம்மும் புதுசு போடு."

கடைக்குத் திரும்பி, பழைய சிம்மைத் தார்ப்பாய் வெட்டுகிற கத்தரியால் தம் கையாலேயே இரண்டாக நறுக்கினார். அப்படி ஒரு நிம்மதி. எழும்பூரில் இறங்கியிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கப் போனை எடுத்தபோதுதான், அதில் ஒரு நம்பரும் இல்லை என்பது உறைத்தது.

அவர்களாலும் அழைக்க முடியாது. பழைய நம்பர் கத்தரியோடு போயிற்று. ரகசியம் கருதி வீட்டு முகவரியைக்கூட ஜெபசிங் இன்னும் சொல்லவில்லை. காலையில் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். மாலை ரயிலுக்கு அவர்கள் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

வெற்றியைக் கூட்டிவந்தார். ரோஸ்மேரியும் இறங்கி வந்தாள்.

"நம்பரெல்லாம் உங்க கணக்குல பத்திரமாத்தான் கீது அண்ணாச்சி. பாஸ்வேர்டைப் போடுங்க, வந்துடும்."

போட்டார். தப்பு.

"நட்சத்திரம் முன்னாலல்லா?" என்றாள் ரோஸ்மேரி. போட்டார். தப்பு.

"அது மொதப் பாஸ்வேர்டுட்டி. இதுல நட்சத்திரம் பின்னால." அதுவும் தப்பு.

"மறந்துட்டேன்னு அமுக்கு" என்றார் வெற்றியிடம். அமுக்கினான். பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகப் போன் பணிவோடு தெரிவித்தது.

"இனிமே ஒரு தபா தப்பாப் போட்டா, ரெண்டு நாளிக்கிக் கதவச் சாத்திக்கும்" என்றான் வெற்றி.

ரோஸ்மேரி தார்ப்பாய்ச் சுருள் மேல் உட்கார்ந்தாள். "ரெஜினா அந்தப் போட்டோவ ரெண்டாவது தடவ கேட்டாளே" என்று மட்டும் சொன்னாள். ஜெபசிங் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயடைத்து நின்றார்.

காலையில் கொடுத்த காபியின் காலி டம்ளர்களை எடுக்க வந்த குப்பம்மா மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா, பாஸ்வேர்டு மறந்துடுச்சா? வெள்ளிக்கெயம போட்டதுதான? பெர்ய கே, சின்ன ஏ, சின்ன ஒய்யி, சின்ன ஐ, சின்ன ஆரு, சின்ன யூ, நட்சத்திரம், கடசில பன்னெண்டு."

வெற்றி அப்படியே அடித்தான். போன் திறந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டு நம்பர் முதல் வரிசையிலேயே வந்து நின்றது. ரோஸ்மேரி போனைப் பறித்துக்கொண்டு பேச ஓரமாக ஒதுங்கினாள்.

ஜெபசிங் குப்பம்மாவை நெருங்கினார்.

"அப்போ இத்தன நாளா என் போனை ஒட்டுக்கேட்டது நீதானா?"

குப்பம்மா டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"ஒன் போனை எவன் கேட்டான் நைனா, எதிர்ச்சாரில குந்தினு என் பேத்தி ஏபிசிடி கத்துக்கினதே ஒன் பாஸ்வேர்டுலதான், கேட்டா கோச்சிக்குவியேன்னு எத்தினியோ வருசமா வாய மூடிக்கினு கீறோம், கொஞ்சம் மெதுவாப் பேசேன்."