கவர்மெண்ட் விரல்

பத்து விரல்களில் ஒன்றுக்கு மட்டும் நிரந்தர லீவு கொடுத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். கலவை என்கிற ஊரில் நான் இ-சேவை மையம் நடத்தியபோது, பாதி நாள் என் பெஞ்சில்தான் இருப்பார். ஊரே அவரைக் 'கவர்மெண்ட் விரல்' என்றுதான் கூப்பிட்டது.

முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டு வேலை பார்த்தவர். வேலையை விட்டதும் நாற்பது சென்ட் நிலம் வாங்கி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். விவசாயிகளுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் பேங்கில் போடுகிற உதவித்தொகைக்குப் பதிய வந்தார். பணம்கூட இரண்டாம்பட்சம். தோல்காரன் என்றே பார்க்கிற ஊர், தன்னை விவசாயி என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டும்.

மெஷினில் விரலை வைத்தால் ரேகையே இல்லை. சுண்ணாம்பு தின்றிருந்தது. துடைத்து வைத்தோம், தேங்காயெண்ணெய் தடவி வைத்தோம். ஒன்பது விரலும் தோற்ற பிறகு, இடது கை மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னா மா, நான் விவசாயி ஆய்ட்டனா?"

"ஆய்ட்டீங்க பெரியப்பா. மறுபடியும் கேட்டாலும் கேப்பாங்க, அந்த வெரல பத்திரமா வச்சிக்கோங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாளே அந்த விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். களை பிடுங்கும்போதும் அது மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். சம்சாரம் தண்ணிக் குடம் தூக்கச் சொன்னால், "எங்கிட்ட ஒம்பது வெரலுதான் இருக்குது" என்பார். கரண்ட் போன மத்தியானங்களில் அந்த விரலைத் தூங்கும் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா பாக்கறீங்க பெரியப்பா?"

"மல்லாட்ட பூத்துக்குது மா. மஞ்சளா."

அவர் நிலம் அங்கிருந்து நாலு மைல். அவர் சொன்னதும் எனக்கும் மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் அவரோடு தொல்லை. வாசலில் நிற்கிற ஆளை மறந்துவிட்டு நானும் பூப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஐப்பசி மழையில் என் கடைக் கூரையின் தகரம் பெயர்ந்து, கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் கொட்டியது. நான் எழுந்திருப்பதற்குள் அவர் பெஞ்சில் ஏறி, பத்து விரலாலும் தகரத்தைப் பிடித்து இழுத்து மூடிவிட்டார். இறங்கியபோது வெள்ளைத் துணி சிவந்திருந்தது.

தையல் பிரித்தபோது ரேகைக்குக் குறுக்கே பெரிய தழும்பு. அந்த மாதமே மறுபதிவு கேட்டார்கள். எத்தனை தடவை வைத்தும் பச்சை விளக்கு எரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் தேற்றினார்.

"போவட்டும் உடு மா. ரெண்டு வருஷம் விவசாயியா இருந்தன் இல்ல."

மறுநாள் காலையில் அவரை இழுத்துக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். ரேகை இல்லாதவர்களுக்கு முகத்தைப் பதியலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் நாள் ஆபீசர் இல்லை. இரண்டாம் நாள் நெட் இல்லை. மூன்றாம் நாள் கேமரா அவரைக் கண் சிமிட்டச் சொன்னது. இவரோ ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டை பார்க்கப் போய்விட்டார். தோளைப் பிடித்து உலுக்கினேன். சிமிட்டினார். பெயர் பட்டியலில் ஏறியது.

திரும்பி வரும் பஸ்ஸில் திடீரென்று கேட்டார்.

"மூணு நாளா கடைய யாரு மா பாத்துக்கறா?"

"பூட்டிக் கெடக்குது பெரியப்பா."

என் கல்யாணத்துக்கே நான் கடையை ஒரு நாள்தான் பூட்டினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.